சாப்பிடக் கூடாது

ஐப்பசி ஒன்பதாம் நாள்
ஈரமானி எண்பத்து நான்கு காட்டியது.
தீப்பெட்டியளவு கருவி. எண்ணுக்குப் பக்கத்தில்
ஒரு சின்ன முகம் உண்டு,
காற்றுக்கேற்ப சிரிக்கும் அல்லது அழும்.
அன்று அழுதது.

காரைக்குடிக்கு வரும் மழை
தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டும்போதே
என் வீணைக்குத் தெரிந்துவிடும்.
நேற்று விரல் நுனியில் சுழன்ற பிரடை
இன்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.
தந்தியில் மிளகாய்த்தூள் நிறத்தில்
துருவின் முதல் புள்ளி.

வீட்டுக்காரர் நாச்சியப்பன் வைகாசியில் வந்து
வருஷா வருஷம் சுண்ணாம்பு எதுக்கு என்று
பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்.
நல்ல மனிதர், வாடகையை ஏற்றவில்லை.
சுவர் அன்றோடு மூச்சை நிறுத்திக்கொண்டது.
அது குடித்துவந்த ஈரத்தையெல்லாம்
இப்போது பலாமரம் குடிக்கிறது.

எனக்கு வேலை பத்திரப் பதிவு ஆபீசில்.
அடைமழையில் பத்திரங்கள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
பங்காளிகள் மட்டும் ஒட்டுவதில்லை.

செக்காலை ரோட்டுச் செருப்புக் கடையில் சகுபர்
ஏழு வருஷமாக ஊரின் பாதங்களைப் பார்க்கிறான்.
ஒவ்வொரு ஷூ டப்பாவிலும்
உப்பு மாதிரி குறுமணி நிறைந்த வெள்ளைப் பொட்டலம்,
சாப்பிடக் கூடாது என்று மூன்று மொழிகளில்.
தமிழ் அதில் இல்லை.
சனிக்கிழமை கடை கட்டும் நேரம்
ஒரு பை நிறையத் தருவான்.
எதுக்குக்கா?
வீணைக்கு.
வீணை ஷூ போடுமா?

தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து
மணிகளைக் கொட்டி வறுப்பேன், மறுபடி தைப்பேன்.
குடத்தருகே நான்கு, சுரைக்காய்க்குக் கீழே இரண்டு,
யாளியின் தாடைக்கு ஒன்று.
அது போதாதென்று
நாற்பது வாட் குண்டு பல்பு தேடி
நாலு கடை ஏறி இறங்கினேன்.
பெஞ்சுக்கடியில் எரியவிட்டுத் தூங்கிப்போன இரவு
மெழுகு இளகி நாலாம் மெட்டு
ஒரு நூல் சாய்ந்துவிட்டது.
மறுநாள் காந்தாரம்
சம்பள நாள் இரவில் வீடு திரும்புகிறவன்போல் நடந்தது.

கார்த்திகையில் புயல். மூன்று நாள் கரண்ட் இல்லை.
முற்றத்துத் தண்ணீர் வாசற்படியை எண்ணிக்கொண்டிருந்தது.
டார்ச் அடித்து அடித்து அந்த முகத்தைப் பார்த்தேன்.
பயத்தில் நாற்பது பொட்டலம் அடுக்கி
உறையை இழுத்து மூடினேன்.

பிறகு மழை விட்டது. தை வந்தது. போனது.
நாற்பதும் உள்ளேயே இருந்தன.

மாசியில் ஒரு நடு இரவு,
யாரோ விரலைச் சொடுக்கியதுபோல
ஒரே ஒரு ‘டக்’.
விளக்கைப் போட்டேன்.
குடமும் தண்டியும் சேரும் இடத்தில்
மயிரிழை வெடிப்பு.
ஈரமானி முப்பத்தொன்று.
அந்த முகம் இப்போதும் அழுதது,
அதே அழுகை, வேறு காரணம்.
ஈரத்துக்குப் பயந்து பயந்து
அதைத் தாகத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை சகுபர் பையோடு வந்தான்.
வேண்டாம் என்றேன். வெடிப்பைக் காட்டினேன்.
தொடவில்லை. முழங்காலை மடக்கி,
அளவு பார்க்கிறவன்போல் குனிந்து பார்த்தான்.
‘பாதமும் இப்படித்தான்க்கா.
மழையில விரலிடுக்குல சேத்துப்புண்ணு,
பனியில குதிகால் வெடிப்பு.
ஒரு மருந்தையே ரெண்டுக்கும் தடவ முடியுமா?’

சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு
நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டை
உறைக்குள் ஒரு ஓரமாக வைத்தேன்.
ஐந்தாம் நாள் ஐம்பத்திரண்டு.
முகம் சிரித்தது.
வெடிப்பு சிரிக்கவில்லை.
அதற்குத் தஞ்சாவூரிலிருந்து ஆள் வரவேண்டும்,
பங்குனி முடியட்டும் என்கிறார்.
அதுவரை மந்தரத்தில் தொட்டால்
ஒரு வண்டு கூடவே பாடும்.

மிச்சப் பொட்டலங்களை
ஆபீசுக்கு எடுத்துப்போனேன்.
பாகப்பிரிவினைக் கட்டுகளுக்கு நடுவே
ஒவ்வொன்றாகச் செருகினேன்.
சார்பதிவாளர் ஒன்றை எடுத்து முகர்ந்தார்,
கிழித்து நாக்கருகே கொண்டுபோனார்:
கல்கண்டாம்மா?

அன்று சாயங்காலம் உட்கார்ந்து
துண்டுத் துண்டாகக் காகிதம் வெட்டி
எல்லாவற்றின் மேலும்
தமிழில் எழுதி ஒட்டினேன்.